பொல்கொல்ல பஸ்

பழுப்பு உறை ஒன்று. உள்ளே கோடு போட்ட தாள்களில் அக்காவின் நீலமைக் கையெழுத்து. மழைக்கு நனையாமல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உக்குவளைத் தபாற்கந்தோருக்கு ஓடுவது 1995ஆம் ஆண்டில் என் உத்தியோகம். "ரெஜிஸ்டர் பண்ணு தம்பி, துண்டத் தொலைச்சிறாத" என்று வாசல்வரை வந்து சொல்லுவாள். அந்தப் பதிவுத் தபால் துண்டுகளைச் சேர்த்து வைக்க ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உறை வழியில் எங்காவது விழுந்துபோனால், அவள் திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஒப்படை எழுதினாள் என்பதற்கு அந்த டின்தான் சாட்சி.

அவளுடைய மகள், எனக்கு மருமகள், போன மாதம் அதே பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஒப்படை அனுப்பினாள். நைட் டியூட்டி முடிந்து தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் நின்றபடி, ஒரு கை கம்பியில், மறு கையில் போன். பெருவிரலால் ஒரு தட்டு. பஸ் நாலந்தாவைத் தாண்டுவதற்குள் கிடைத்துவிட்டது என்று பதிலும் வந்திருக்கிறது.

இரண்டு பேரும் தாதிகள். வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிக்கத் துணிந்தவர்கள். அக்கா முடித்துவிட்டாள்; மருமகள் கடைசிப் படியில் நிற்கிறாள். முப்பது வருடத்தில் என்ன மாறியது என்று கேட்டால் எவரும் இன்டர்நெட் என்றுதான் சொல்லுவார்கள். நானும் கொஞ்ச நாள் முன்புவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலங்கையில் தாதியர் படிப்பு நெடுங்காலம் டிப்ளோமாவோடு நின்றது. 1939இல் கொழும்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. பிறகு கண்டி, யாழ்ப்பாணம் என்று மற்ற ஊர்களுக்கும் வந்தது. பிள்ளைகளை எடுத்து மூன்று வருடம் விடுதியில் வைத்து, பாதி நேரம் வகுப்பிலும் பாதி நேரம் வார்ட்டிலும் பழக்கி, வெள்ளைச் சீருடை கொடுத்து அனுப்புவார்கள். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் வார்ட் சிஸ்டர் ஆவதற்கோ, பயிற்சிப் பாடசாலையில் படிப்பிப்பதற்கோ ஒரு மேற்பயிற்சி உண்டு. பல்கலைக்கழகப் பட்டம் என்ற படி அந்த ஏணியில் இருக்கவில்லை. ஒரே கட்டிலின் இந்தப் பக்கம் நிற்கும் டாக்டருக்கு மருத்துவ பீடம் இருந்தது. அந்தப் பக்கம் நிற்கும் தாதிக்கு அனுபவம் இருந்தது. அனுபவத்துக்குச் சான்றிதழ் கிடையாது.

அந்தப் படியைப் போட்டது, 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1994இல் அது தாதியியல் விஞ்ஞானமாணிப் பட்டநெறியை ஆரம்பித்தது. கைகொடுத்தது கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம். காசு கனேடிய அரசின் சர்வதேச அபிவிருத்தி முகவரகத்திலிருந்து வந்தது. அதபாஸ்கா, அல்பேர்ட்டா மாகாணத்தில் பனிக்குள் இருக்கிற ஊர். தூரத்தில் சிதறிக் கிடக்கும் மாணவர்களுக்குத் தபாலில் பாடம் அனுப்பிப் பழகிய பல்கலைக்கழகம் அது. இந்தியாவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இந்திராகாந்தி தேசிய திறந்த பல்கலைக்கழகம் வேலையில் இருக்கும் தாதியருக்குப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. வழக்கமாக முதலில் வளாகம் வரும், அதன் பிறகுதான் தபால் வரும். எங்கள் நாட்டில் தலைகீழ். பேராதனையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் உயர்தரம் முடித்த பிள்ளைகள் நேரே போய்த் தாதியியல் பட்டம் படிக்கும் நிலை வந்தது 2000க்குப் பிறகுதான். அதுவரைக்கும் பட்டதாரித் தாதி என்றால், வார்ட்டில் நின்றுகொண்டே தபாலில் படித்தவள் என்று அர்த்தம்.

அக்கா அந்த ஆரம்பகால மாணவிகளில் ஒருத்தி. அப்போது அவளுக்கு 29 வயது. எனக்கு 14. இடையில் நாலு பேர் இருக்கிறார்கள், அது வேறு கதை.

பாடப் புத்தகங்கள் கட்டாக வரும். வழவழப்பான அட்டை, உள்ளே ஒவ்வொரு பகுதி முடிவிலும் நீயே உன்னைச் சோதித்துக்கொள் என்று கேள்விகள். எல்லாம் ஆங்கிலம். அக்காவின் ஆங்கிலம் மருந்துப் பெயர்களுக்கும் பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதுவதற்கும் போதுமானது. வார்ட்டில் பேச்சு சிங்களம். நோயாளிகளில் பாதிப்பேர் இரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய வயிற்றுவலி தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவில் லிப்கோ அகராதியை வைத்துக்கொண்டு விடியற்காலையில் உட்கார்ந்திருப்பாள். புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் தமிழ். ஒரு பக்கம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. நோயாளியின் உளவியல், சமூகத் தேவைகளை மதிப்பிடுவது பற்றி நாலு பந்தி அச்சிட்டிருந்தார்கள். பக்கத்தில் அக்கா எழுதியிருந்தது: "வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேளு." நாலு பந்திக்கும் அதுதான் உரை. இதைவிட நல்ல உரையை நான் இதுவரை பார்த்ததில்லை.

மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு டே ஸ்கூல். திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி பிராந்திய நிலையம் பொல்கொல்லயில் இருக்கிறது. பொல்கொல்ல என்றால் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கே மகாவலியை மறித்துத் திருப்பும் தண்ணீர், மலைக்கு அடியில் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் ஓடி, எங்கள் உக்குவளை மின்நிலையத்தில் வந்து விழுகிறது. 1976இலிருந்து அப்படித்தான். அங்கிருந்து சுது கங்கையோடு வடக்கே போய் வறண்ட நிலத்து வயல்களுக்குப் பாய்கிறது. அக்காவோ அதே இரண்டு ஊர்களுக்கும் இடையில் பஸ் மாறி, மலையைச் சுற்றிப் போக வேண்டும். "தண்ணிக்குக் குறுக்கு வழி வெட்டிட்டாங்க, எனக்குத்தான் வெட்டல" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லுவாள்.

அங்கே கண்டி, நுவரெலியா, கேகாலைப் பக்கங்களிலிருந்தெல்லாம் தாதிகள் வருவார்களாம். சிலர் நைட் டியூட்டியை முடித்துவிட்டு நேரே, சீருடையைப் பையில் சுருட்டிக்கொண்டு. பகல் ஒரு மணிக்குச் சோத்துப் பார்சலை அவிழ்த்தால் பத்து ஊர் வாசம் வரும் என்பாள். உன் வார்ட்டில் கையுறை இருக்கிறதா, என் வார்ட்டில் இல்லை. உன் மேட்ரன் எப்படி, என் மேட்ரன் இப்படி. பாடத்தில் பாதி அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் விளங்கியது என்று அக்கா இப்போதும் சொல்கிறாள்.

பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் நாவலவுக்கும் சில தடவை போக வேண்டியிருந்தது. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதன் பிறகு ஒரு தமிழ்ப் பெண் கனமான பையோடு கொழும்புக்குப் பஸ் ஏறுவது என்றால் என்ன என்பதை அந்தக் காலத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அக்காவின் பையில் உடற்கூற்றுப் புத்தகம். சிப்பாய் பையன் ஈரலையும் சிறுநீரகத்தையும் ஒவ்வொரு படமாகப் புரட்டியிருக்கிறான். பிறகு அவளுடைய ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவுடைய சீனி வருத்தத்துக்குக் காலில் புண் வந்தால் என்ன செய்வது என்று கேட்டானாம். பஸ் முழுவதும் காத்திருக்க, அக்கா வீதியோரத்தில் நின்று அவனுக்குச் சிங்களத்தில் பாடம் எடுத்துவிட்டு ஏறினாள். அந்தத் தடவை பரீட்சைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனாள்.

மருமகள் வயிற்றில் இருந்தபோதும் பொல்கொல்ல போனாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமும் போனாள். வீட்டில் அம்மா இருந்தார். அக்கம்பக்கத்தில் எவராவது தேடி வந்தால், "மக படிக்கப் போயிருக்கா" என்று அம்மா சொல்வதில் ஒரு பெருமை இருக்கும். வந்தவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வீட்டில் போன் இல்லை. பிள்ளை அழுதாலும் சரி, வார்ட்டில் ஆள் குறைந்தாலும் சரி, காலை ஆறு மணி தொடக்கம் இரவுவரை அவளை எவராலும் பிடிக்க முடியாது. இருட்டியதும் டோர்ச் லைட்டோடு சந்தியில் நிற்பது என் வேலை. அந்த பஸ் எப்போதும் பிந்தித்தான் வரும். ஏழு மணி என்றால் எட்டாகும். "பஸ் இல்லடா தம்பி" என்று சொல்லிக்கொண்டு இறங்குவாள். பிந்தி வந்த களைப்பு முகத்தில் இருக்காது. அது ஏன் என்று கேட்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

இனி மருமகளின் காலம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அவள் அப்போது பயிற்சிப் பாடசாலையில் கடைசிக் கட்டம். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற வலையமைப்பின் வழியே சூம் வகுப்புகள் தொடங்கின. போன் கம்பனிகள் பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டா காசு எடுக்காமல் திறந்துவிட்டன. திறந்த பல்கலைக்கழகத்துக்கு இணையவழிப் பாடம் புதிதல்ல. ஆனால் அதுவரை தொடுகறியாக இருந்தது சோறாகிவிட்டது. அடுத்த வருடம் அவள் வேலைக்குச் சேர்ந்த கையோடு பட்டநெறிக்கும் பதிந்தாள்.

வந்து சேர்ந்த காலம் அப்படி. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் கோபுரத்து பட்டரியும் இறங்கி சிக்னலும் போய்விடும். நக்கிள்ஸ் மலைச்சரிவுத் தோட்டங்களில் சிக்னலுக்கு மேட்டுக்கு ஏற வேண்டியது கரண்ட் இருக்கிற நாளிலேயே வழக்கம். டியூட்டி இல்லாத நாளிலும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நடைபாதை வாங்கில் உட்கார்ந்து ஒப்படை எழுதியிருக்கிறாள், ஜெனரேட்டர் ஓடும் ஒரே இடம் அதுதான் என்று. அணையிலிருந்து சுரங்கம் வழியாகத் தண்ணீர் வந்து விழுகிற ஊரில் எங்களுக்கு அந்த மாதங்களில் மெழுகுதிரி.

அது தீர்ந்தது. இப்போது பார்த்தால் எல்லாம் வசதி. விரிவுரையைப் பதிவு செய்து போடுகிறார்கள். விளங்காத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். லிப்கோ இருந்த இடத்தில் போன் மொழிபெயர்க்கிறது. ஒப்படையையே எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. தொடாதவர்கள் யார் என்று கேட்டால் மருமகள் சிரிக்கிறாள். களவு எழுத்தைப் பிடிக்கும் மென்பொருளும் மறுபக்கம் இருக்கிறது. அக்கா ஒரு மாதம் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காத ஆய்வுக் கட்டுரையை இவள் தேநீர் ஆறுவதற்குள் எடுத்துவிடுகிறாள்.

ஒரு ஞாயிறு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருமகள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பையன் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். "மாமா வாங்க" என்றாள். தேத்தண்ணி ஊற்றினாள். நான் மரக்கறி விலையைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் முகத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில், "யெஸ் மேடம், ஐ கேன் ஹியர் யூ" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைமுடிக்குள் இயர்போன். மா டின்னில் சாய்த்து வைத்திருந்த போனில் நாற்பது சின்னப் பெட்டிகள். அவள் காலை எட்டு மணியிலிருந்து பல்கலைக்கழகத்தில் இருந்திருக்கிறாள். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தேத்தண்ணி கேட்ட எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. "படிக்கப் போயிருக்கா" என்று அம்மா சொன்ன அந்த வசனத்தை இவளைப் பற்றி எவரும் சொல்ல முடியாது. இவள் எங்கேயும் போகவில்லையே. வீட்டுக்காரர் சொல்லும் வசனம், "நீ வீட்லதானே இருக்க." வார்ட்டில் சொல்லும் வசனம், "ஆன்லைன்தானே மிஸ், கொஞ்சம் வந்திட்டுப் போங்களேன்." ரோஸ்டர் மாற்றம் வாட்ஸ்அப்பில் வரும், ஒரு தாதி வராவிட்டால் முதல் அழைப்பு இவளுக்குத்தான் வரும். வேலை நாளில் வகுப்பு விழுந்தால் உடை மாற்றும் அறையில், ஒரு காதில் விரிவுரை, மறு காதில் மணிச் சத்தம். அக்காவுக்கு விரிவுரை கேட்கும் நேரத்தில் கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, பிள்ளை இல்லை. இவளுக்கு மூன்றும் ஒரே நேரத்தில். தூரத்தை ஒழித்துவிட்டோம் என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறோம். அந்தத் தூரம்தான் அக்காவுக்கு லீவாக இருந்தது. எந்த மேட்ரனும் கையெழுத்துப் போடாத லீவு.

ஆசையும் மாறிவிட்டது. அக்கா ஏன் படித்தாள் என்றால், படிக்கலாம் என்று ஒரு கதவு திறந்தது, அவள் எட்டிப் பார்த்தாள். சம்பளத்துக்காக இல்லை; அந்தப் பட்டத்தால் அவள் மாடி வீடு கட்டவில்லை, கடைசிவரை வார்ட்டிலேயே இருந்தாள். மருமகளின் காலத்தில் பட்டதாரித் தாதிகள் நேரே பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கென்றே தனிப் பீடம் வந்துவிட்டது. பத்து வருட அனுபவமுள்ள டிப்ளோமாத் தாதிக்குத் தன்னைவிட இளையவள் கோப்பில் ஒரு படி மேலே நிற்பது தெரிகிறது. அதோடு 2022. அந்த நெருக்கடியில் அரசாங்கமே உத்தியோகத்தர்கள் சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம்வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. மருமகளோடு சேர்ந்து படிக்கத் தொடங்கிய சிலர் இப்போது இங்கிலாந்திலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். மிஞ்சியவர்களுக்குக் கட்டில் கூடியது. இணையவழி முதுமாணிப் படிப்பு என்று இங்கிலாந்து, அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக விளம்பரங்கள் அவள் போனில் ஓயாமல் வருகின்றன. 2022இன் முதல் சில மாதங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறியபோது, பவுணில் போட்ட கட்டணத்தைப் பெருக்கிப் பார்த்துப் பழகியவர்கள் இன்னும் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். "மொதல்ல இத முடிக்கிறேன் மாமா, முதுமாணிய பிறகு பாப்போம்" என்கிறாள்.

தாதி பட்டம் படித்தால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2014இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை நோயாளிகள். பட்டதாரித் தாதியரின் பங்கு 10 வீதம் கூடும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 வீதம் குறைவாக இருந்தது. இந்த வரியை எல்லா இடத்திலும் காட்டுகிறார்கள். அதே ஆய்வின் மற்ற முடிவைக் காட்டுவது குறைவு: ஒரு தாதியின் தலையில் ஒரே ஒரு நோயாளியைக் கூட்டி ஏற்றினால், அந்த வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது என்பது இதுதான். பட்டத்தைப் படி என்று சொல்லிவிட்டுக் கட்டிலைக் கூட்டினால் கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் வாயடைத்துப் போனேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அக்காவுக்கு வார்ட்டில் ஒரு பழக்கம். வீட்டுக்குப் போகும் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து உறையில் படம் போட்டுக் கொடுப்பாள். டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கும், மருந்து உறையில் சிங்களம் இருக்கும், வாங்கிக்கொண்டு போகிற ஆயாவுக்கு இரண்டும் தெரியாது. காலைக் குளிசைக்குச் சூரியன். இரவுக் குளிசைக்குப் பிறை நிலா. எத்தனை குளிசையோ அத்தனை புள்ளி. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அக்காவுக்கு "படம் போடுற மிஸ்" என்றே பெயர். எங்கள் வீட்டில் அது ஒரு பெருமை. பட்டப்படிப்பின் பயன் என்று யாராவது கேட்டால் அம்மா இதைத்தான் எடுத்துச் சொல்லுவார், அக்கா அதைப் படிப்பதற்கு முன்பே செய்துகொண்டிருந்தாள் என்றாலும்.

மருமகள் கடைசி வருட ஆய்வுக்கு எடுத்த தலைப்பு அதுதான். தமிழ் பேசும் நோயாளிகள் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது சொல்லப்படும் மருந்து அறிவுரைகளை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எடுத்து, கேள்விகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போட்டு, தமிழிலிருந்து வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்குப் போட்டுப் பார்த்து, ஆறு மாதம் அலைந்தாள்.

அக்கா முதலில் சிரித்தாள். "இதுக்கு ஆராய்ச்சி எதுக்குடி? படம் போட்டுக் குடுத்தா முடிஞ்சிச்சு."

"அதத்தாம்மா கேக்கப்போறேன். படத்தப் பாத்து என்னா வெளங்கிச்சின்னு."

ஒரு மாலை அவள் குறிப்புக் கொப்பியோடு வந்தாள். அக்கா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலான ஆட்கள் சூரியனைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நிலாவில்தான் சிக்கல். ஒரு வயதான அம்மா, பிரஷர் குளிசைக்காரர், பிறை நிலாவைப் பார்த்துவிட்டு அது போயா தினத்துக்கு மட்டும் குடிக்கிற மருந்து என்று நினைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒன்று. மிச்சத்தைப் பத்திரமாகத் துணியில் முடிந்து வைத்திருந்தாராம், வீணாக்கக் கூடாதென்று.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. வெற்றிலையைக் கீழே வைத்தாள். எத்தனை வருடம், எத்தனை உறை என்று அவள் மனதில் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஒருத்தர்கிட்டயும் திருப்பிக் கேட்டதே இல்லயே" என்றாள்.

"நீங்க படம் போடலன்னா எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காதும்மா."

"அது சரி. சூரியனுக்குப் பதிலா என்னா போடலாம்? பெரட்டுக்குப் போற நேரம்னு கூடையைப் போட்டா?"

இருவரும் அன்று இரவு பத்து மணிவரை அந்தக் கொப்பியில் படம் போட்டுப் பார்த்தார்கள். இரவு மருந்துக்குச் சோற்றுப் பானையா, பாயா என்று சண்டை. பாய் வென்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு முன்பு, பொல்கொல்லயில் சோத்துப் பார்சலைச் சுற்றி நடந்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று பட்டது. சூமில் சாப்பாட்டு நேரம் வந்தால் எல்லாரும் கமெராவை அணைத்துவிட்டு அவரவர் குசினிக்குப் போய்விடுகிறார்கள்.

இறுதிப் பரீட்சை மட்டும் இன்னும் போனுக்குள் வரவில்லை. மண்டபம், சுட்டெண் ஒட்டிய மேசை, பேனா. போன ஞாயிறு மருமகளுக்குப் பரீட்சை, பொல்கொல்லயில். சனி இரவே சீலையை அயர்ன் பண்ணி வைத்தாள். அதிகாலை ஐந்தரைக்கு வீட்டுக்காரர் சந்தியில் விட்டார். பையன் எழும்பி அழுதபோது அக்கா அவனைத் தூக்கி, "அம்மா பரீட்ச எழுதப் போயிருக்கா" என்றாள். எங்கள் அம்மாவின் அதே குரல். மண்டபத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வார்ட் குரூப்பில் முதல் நாளே சொல்லிவிட்டாள், நாளைக்கு நான் இல்லை என்று.

பரீட்சை பன்னிரண்டு மணிக்கு முடியும். இரண்டு மணிக்கு வீட்டுக்காரர் போன் பண்ணினார். அணைத்திருந்தது. மூன்று மணிக்கும் அப்படியே. நாலு மணிக்கு அவர் சைக்கிள் சாவியைத் தேடினார், சந்திக்குப் போய்ப் பார்க்க.

"இருங்க மாப்ள" என்றாள் அக்கா. "அணைக்கட்டுக்கிட்ட ஒரு கடை இருக்கு. கடலை வாங்கிக்கிட்டு தண்ணியப் பாத்துக்கிட்டு நிப்பா. வருவா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா பையனின் வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். டோர்ச்சோடு சந்தியில் நின்ற பையனைப் பார்ப்பது போல இருந்தது.

"ஒரு பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்லதான்டா நானும் வருவேன்" என்றாள்.